இடுப்பு மடிப்பில் ஒரு கத்தி

பழத்தை நறுக்கிக்கொண்டே கேள், தாயி. என் முதல் பிரசவத்தின்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த அலமேலக்கா சொன்ன கதை இது.

பனி மூடிய குளத்தில் பரிசல் கனவுபோல மிதக்க, அன்னக்கொடி கோயிலுக்குத் தாமரை பறித்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்தபோது, சேலை மடிப்பில் ஓலை உறை போட்ட சின்னக் கத்தி தெரிந்தது.

படித்துறையில் நின்ற தளபதி கத்தினார்: "ராஜா குளிக்கிற குளத்தில் ஒளித்துவைத்த கத்தியா? தூக்கி எறி! பூசைக்குள் நூறு பூ வராவிட்டால் உனக்கு வேலையும் இல்லை!"

"ஆகட்டும் எசமான். உங்க வாளைக் கொடுங்க, அதாலேயே அறுக்கிறேன்."

தளபதி மீசை துடிக்க வாளை இழுத்தார். துருவேறிய வாள் உறையைவிட்டு வரவே இல்லை. குளிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"நான் பூவறுக்க வச்சிருக்கேன் எசமான். பயமுறுத்தன்னா, நானும் வெளியேதானே தொங்கவிட்டிருப்பேன்?"

"போய்ப் பறி," என்றார் தளபதி, மெதுவாக. பரிசல் பனிக்குள் நழுவியது.

பழம் நறுக்கியாச்சென்றால் அந்தக் கத்தியை உறையில் போட்டுவிடு, தாயி.