தயாபரன் ஏறாத லிஃப்ட்

கோயம்புத்தூர் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த செல்லக்கனிக்கு, லிஃப்டை ஓட்டும் புரோகிராம்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை. ஆஸ்பத்திரிக்கு விற்கவிருந்த லிஃப்டின் புரோகிராமில் யாரோ கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் செருகியிருந்தார்கள். படித்தால் பிரேக் சோதனை இருப்பதுபோலவே தெரியும். கம்ப்யூட்டரோ அதைத் தாண்டிப் போய்விடும். ஒளிந்திருக்கும் மாற்றங்களைப் பிடிக்கும் அவளுடைய கருவிதான் அதைச் சிவப்பாகக் காட்டிக்கொடுத்தது.

எட்டாவது மாடியில், லிஃப்ட் வாங்க வந்த டாக்டரம்மாவின் எதிரிலேயே முதலாளி தயாபரன் சீறினார்.

"உன் கருவிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. வரி வரியாப் படிச்சுட்டேன், எல்லாம் சரியா இருக்கு. சரின்னு கையெழுத்துப் போடு, இல்லைன்னா வேலையை விட்டுப் போ!"

 செல்லக்கனி பேனாவை எடுத்தாள்.

"போடறேன் சார். இதே புரோகிராம்தான் இந்த லிஃப்ட்ல ஓடுது. நீங்க இதுல ஒரு தடவை கீழே இறங்குங்க, உடனே போட்டுடறேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. தயாபரன் வாசல்வரை போனார். கால் உள்ளே போகவில்லை.

"எனக்கு... படியில இறங்கித்தான் பழக்கம்" என்றார்.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது.

"என்னை மட்டும் இதிலதானே மேலே ஏத்தி அனுப்புனீங்க?"