முடியாதுன்னு எழுதுங்க சார்

"மேடம், ஒரு பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்காம இருக்கிறதுக்கு சட்டத்துல வழி இருக்கா?"

கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் இறங்கிப் போனப்புறம் குணாளன் சார் கேட்டாரு.

வக்கீல் ரமீஜாவுக்கு வயசு முப்பத்தாறு. சனிக்கிழமை மத்தியானம், ஆசிரியர் சங்கக் கட்டடத்து மாடியில, துறைத்தேர்வு எழுதுறவங்களுக்கு சட்டம் சொல்லிக் கொடுக்கிறவங்க.

குணாளன் சாருக்கு அம்பத்தி நாலு. ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஹெட்மாஸ்டர். அந்தத் தேர்வுல மூணு தடவை ஃபெயில். ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பாஸ் பண்ணியே தீருவேன்னு இருக்கிறவரு.

ரமீஜா போர்டைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க.

"எந்தப் பிள்ளை?"

"பேரு ரோஜா. எட்டு வயசு. செங்கல் சூளையில வேலை செய்யுற இருளர் குடும்பம். அவங்க அம்மா கன்னியம்மா ஒம்பது தடவை வந்துட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த வாரம் வாங்கன்னு."

"ஒம்பது தடவையுமா?"

"ஒரு தடவை நான் லீவு மேடம்."

ரமீஜா டஸ்டரைக் கீழே வச்சாங்க.

"சேர்த்தா என்ன ஆகும்?"

"மொத்தமே இருபத்தேழு பிள்ளைங்க. அந்தப் பிள்ளை வந்து பக்கத்துல உக்காந்தா பதினோரு வீட்டுக்காரங்க டி.சி. வாங்கிட்டுப் போயிடுவோம்னு சொல்றாங்க. மிச்சம் இருக்கிறதை வச்சுக்கிட்டு ஸ்கூல் நடக்குமா? மூடிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"சார்."

குணாளன் சார் கதவைப் பார்த்தாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"சூளை முதலாளி தனகோடி போன் பண்ணினாரு. பகல்ல அந்தப் பிள்ளை அங்க காயப்போட்ட பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கு. அது ஸ்கூலுக்கு வந்துட்டா, இத்தனை நாள் எங்க இருந்துச்சுன்னு நாளைக்கு ஆபீசருங்க வந்து கேள்வி கேப்பாங்கல்ல? சத்தம் எதுவும் போடல. 'நம்ம ரோட்டுல லாரி ஜாஸ்தி சார், பைக்கைப் பார்த்து ஓட்டுங்க'ன்னாரு. அக்கறையாத்தான் சொன்னாரு."

"அக்கறையாவா?"

"நாலு நாளா பஸ்சுல போறேன் மேடம்."

ரமீஜா சிரிக்கல.

"இருபத்தொண்ணு ஏ சொல்லுங்க."

குணாளன் சார் எந்திரிச்சு நின்னாரு. பழக்கம்.

"அரசியலமைப்புச் சட்டம். ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமா, கட்டாயமா அரசு கல்வி தரணும்."

"உரிமை யாருக்கு?"

"பிள்ளைக்கு."

"கடமை?"

"அரசுக்கு."

"அரசு எங்க இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே கையக் காட்டினாரு. "சென்னையில." கொஞ்சம் யோசிச்சு, "டெல்லியிலயும் கொஞ்சம் இருக்கு."

"கன்னியம்மா சென்னைக்குப் போனாங்களா?"

"இல்ல."

"ஒம்பது தடவை எங்க வந்தாங்க?"

குணாளன் சார் உக்காந்துட்டாரு.



"நீங்க கேட்ட வழி ஒண்ணு இருக்கு"ன்னாங்க ரமீஜா.

அவரு சட்டுன்னு நிமிர்ந்தாரு.

ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னாடி வச்சாங்க.

"சேர்க்க முடியாதுன்னு எழுதுங்க. ஏன்னு காரணம் எழுதுங்க. கையெழுத்து, தேதி, ஸ்கூல் சீல். கன்னியம்மா கையில கொடுத்துடுங்க. அப்புறம் அவங்க ஏன் வரப்போறாங்க?"

"எழுத்துலயா?"

"எழுத்துல."

"முப்பது வருஷ சர்வீஸ் மேடம். யாருக்கும் முடியாதுன்னு எழுத்துல கொடுத்ததே இல்ல. எங்க டிபார்ட்மென்ட்ல யாருமே கொடுக்க மாட்டாங்க. வாயால சொல்லி அனுப்புறதுதான்."

"எழுதுங்க சார்."

எழுதினாரு. பிறப்புச் சான்று இல்லாத காரணத்தால்.

எழுதி முடிச்ச கையோட அவரே அடிச்சாரு. சான்று இல்லைன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு போன வாரம் டெஸ்ட்ல எழுதி அஞ்சு மார்க் வாங்கினவரு.

மறுபடி எழுதினாரு. போதிய இடம் இல்லாத காரணத்தால்.

அவரோட மூணாங்கிளாஸ்ல நாலு பிள்ளைங்க. அதையும் அடிச்சாரு.

மூணாவது தடவை, ஊர்மக்கள்னு ஆரம்பிச்சாரு.

"ஊர்மக்கள்னா யாரு? பேர் போடுங்க. பதினோரு பேர். பன்னெண்டாவதா தனகோடி."

பேனா நின்னுச்சு.

"பேர் போட்டா என்னை உயிரோட விட மாட்டாங்க மேடம்."

"சரி. அப்ப நீங்க எழுதாதீங்க. அவங்க எழுதட்டும். டி.சி. வேணும்னா லெட்டர் கொடுக்கணும்ல? எப்பவும் அதை யார் எழுதுவா?"

"நான்தான். 'குடும்பத்துடன் வெளியூர் செல்வதால்'னு நானே எழுதிடுவேன். அவங்க கையெழுத்து மட்டும் போடுவாங்க. சீக்கிரம் வேலை முடியும்."

"இந்தத் தடவை காரணத்தை அவங்களே எழுதட்டும்."

"எழுத மாட்டாங்க."

"எழுதத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க."

"அப்புறம் என்ன?"

குணாளன் சார் பேனாவை மூடி வச்சாரு.

"பயப்படுவாங்க"ன்னாரு.

சொன்னது தான்தானான்னு அவருக்கே சந்தேகமா இருந்துச்சு.

*

திங்கக்கிழமை கன்னியம்மா பத்தாவது தடவையா வந்தாங்க. ரோஜா அவங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பேரும் வாசப்படி ஏறல.

"அடுத்த வாரம் வரட்டுங்களா சார்?"

"அந்த அடுத்த வாரம் இன்னைக்குத்தான்மா. உள்ள வாங்க."

அட்மிஷன் ரெஜிஸ்டர்ல பேரை எழுதினாரு. கை நடுங்கினதுல எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போச்சு.

பதினோரு மணிக்கு பதினோரு பேரும் வந்துட்டாங்க. தனகோடி வரல. அவரோட லாரி மட்டும் கேட்டுக்கு நேரா வந்து நின்னுச்சு. டிரைவர் இறங்கல. இன்ஜினையும் நிறுத்தல.

"டி.சி. குடுங்க சார். அது பக்கத்துல எங்க பிள்ளைங்க உக்காராது."

குணாளன் சார் மேஜைக்கு மேல பதினோரு வெள்ளைத்தாளை எடுத்து வச்சாரு.

"தரேன். வாங்கிக்கிறது உங்க உரிமை. லெட்டரை மட்டும் நீங்களே எழுதிக் கொடுங்க."

"எப்பவும் போல நீங்களே எழுதுங்க சார்."

"எனக்குக் கை நடுங்குது."

அதுல பொய் இல்ல.

"என்னன்னு எழுதுறது?" சகுந்தலான்னு ஒரு அம்மா கேட்டாங்க. அவங்களும் அவர்கிட்ட படிச்சவங்கதான்.

"இப்ப வாயால சொன்னீங்கல்ல, அதையே எழுதும்மா. கீழ பேரு, கையெழுத்து."

யாரும் யாரையும் பார்க்கல. லாரி உறுமிக்கிட்டே இருந்துச்சு.

சகுந்தலா பேனாவை எடுத்தாங்க. தேதி போட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பேனாவை வச்சுட்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன் சார்"னு கிளம்பினாங்க.

அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் மூணு பேர் சேர்ந்து.

ஒம்பது பேர் போயிட்டாங்க. ரெண்டு பேர் மட்டும், வெளியூர் போறோம்னு அவங்களே எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கினாங்க. இன்னும் அதே தெருவுலதான் இருக்காங்க.

*

அடுத்த சனிக்கிழமையும் குணாளன் சார் பஸ்சுலதான் வந்தாரு.

"ரெண்டு போச்சு, ஒண்ணு வந்துச்சு. இருபத்தாறு மேடம்."

"லாரி?"

"தினமும் ஸ்கூல் கேட் முன்னாடி வந்து நிக்குது."

"அதுக்கு என்ன பண்ணினீங்க?"

"ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். தனகோடி பேரைப் போட்டுத்தான். ரசீது சட்டைப்பையில இருக்கு."

"பயம்?"

"போகல. சோறு இறங்க மாட்டேங்குது. போன் அடிச்சாலே திக்குங்குது. நீங்க சொல்லிக் கொடுத்ததுல பயத்துக்கு எதுவும் இல்லையே மேடம்."

"இல்ல."

ரமீஜா டஸ்டரை எடுத்து வச்சாங்க.

"அந்தப் பிள்ளைக்கு பயம் போச்சா?"



"மூணு நாளு கதவோரத்துலயே உக்காந்துச்சு. பையை மடியில வச்சுக்கிட்டு, லாரியையே பார்த்துக்கிட்டு. வெளிய யாராவது இருமினாக் கூட எந்திரிச்சுடும்."

"இப்போ?"

"நேத்து நான் கணக்கு நடத்துறப்ப தூங்கிடுச்சு மேடம்."