கோணலாக எழுதிய கேசட்டுகள்

“குருவே, தப்பு கேசட்டிலயா, டிரைவிலயா? அதை மட்டும் சொல்லிருங்க.”

லீவு முடிந்து வந்த மெஹருன்னிஷா மேடத்திடம் கேட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் தேர்வு அலுவலகக் கம்ப்யூட்டர் அறைக்குள் அப்போதெல்லாம் கோயிலுக்குள் போகிற மாதிரிதான் போவோம். அந்த ஏசிக் குளிரும் புது கேசட்டின் வாசனையும், அடடா, இனி எங்கே கிடைக்கும்!

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. டைப்ரைட்டரிலிருந்து பிடுங்கி இங்கே போட்டிருந்தார்கள். மேடத்துக்கு முப்பது தாண்டியிருக்காது. கேசட்டில் மார்க்குகளை எழுதிப் படிக்கிற டேப் டிரைவை எனக்குப் பழக்கியவர் அவர்தான். கிண்டலாகத்தான் ‘குருவே’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். போகப் போக நிஜமாகவே ஆகிவிட்டது.

“என்ன செஞ்சீங்க, அருளப்பன் சார்?”

“நல்லதுதான் செஞ்சேன்.”

“அதான் பயமா இருக்கு. சொல்லுங்க.”

சொன்னேன். எங்கள் டிரைவ் எழுதிய கேசட்டை சென்னை அலுவலகத்தில் எந்த டிரைவும் படிக்காது. ஒவ்வொரு மாதமும் திருப்பி அனுப்புவார்கள். மானம் போகும். மேடம் பத்து நாள் லீவில் போனதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உள்ளே டேப் ஓடுகிற பாதை கோணல் என்றான். நேராக்கினான். சென்னையில் படித்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று காலை இசக்கியம்மாள் வந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நர்ஸ் பரீட்சை எழுதியவள். வெள்ளத்தில் சர்டிபிகேட் போய்விட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்காணல். மார்க் தாள் இல்லாமல் வராதே என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்த வருஷத்து ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பது கேசட் ஒன்றுதான்.

போட்டேன். டிரைவ் இழுத்தது, இரைந்தது, வெளியே துப்பிவிட்டது. மூன்று தடவை. கிளீனிங் கேசட் போட்டும் பார்த்தேன். ம்ஹூம்.

“வெளியே பெஞ்சில உக்காந்திருக்கா மேடம். காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை.”

“இந்த கேசட்டை எழுதினது எது?”

“இதே டிரைவ்தான்.”

“கோணலா இருந்தப்பவா, நேரானப்புறமா?”

கோணலாக எழுதியதைக் கோணலாகத்தான் படிக்க முடியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேடம் டிரைவின் மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார்.

“கெடுங்க.”

“என்னது?”

“நேராக்குனதைக் கெடுங்க, சார்.”

“ஐயோ, இப்பதான் உருப்படியா ஓடுது!”

“அவளுக்கு ஓடலையே.”

கேசட்டைப் போட்டோம். டேப் பக்கத்தில் நிற்கிற குட்டித் தூணின் திருகைக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரை அதில் பொருத்தினேன்.

“எவ்வளவு திருப்பணும்?”

“எனக்கென்ன தெரியும்? அது அன்னைக்கு எப்படி நின்னுச்சோ அங்க நீங்க போகணும். சத்தத்தைக் கேளுங்க.”

ஒரு மயிரிழை திருப்பினேன். இரைச்சல். இன்னும் கொஞ்சம். இரைச்சல். அதிகமாகிவிட்டது, பின்னால் வந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

திடீரென்று இரைச்சல் அடங்கியது. டேப் சீராக ஓடியது. பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி நின்றது. அந்தச் சத்தத்தைப் போல ஒன்றை அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை.

திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின.

அச்சடித்த தாளை இசக்கியம்மாளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்க்கின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

“இவ்வளவு வாங்கியிருந்தேனா சார்? எனக்கே மறந்துபோச்சு” என்று அழுதாள். கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

உள்ளே வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“இனி நேராக்கிடலாமா, குருவே?”

மேடம் இரும்பு அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டு வருஷத்துக் கேசட்டுகள், நூற்றுப் பதினேழு, எல்லாம் கோணலாக எழுதியவை, அடுக்கடுக்காக நின்றன.

“நேராக்கலாம் சார், தப்பே இல்லை. முதல்ல இதுங்க சொல்றதையெல்லாம் கேட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிங்க.”