மாவாகிப் போன விதை

அந்தக் காலத்தில், மிருகம் பேசினால் மனிதர் கைவேலையை நிறுத்தாமலே பதில் சொன்ன காலத்தில், வடக்கே பனிமலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே விளைவது பார்லி ஒன்றுதான். வீட்டில் வைத்தால் பசியில் விதையையும் தின்றுவிடுவோம் என்று பயந்த ஊரார், அறுவடை முடிந்ததும் விதைப் பார்லியை மலைமேல் இருந்த பிக்குணிகளின் மடத்தில் ஒப்படைப்பார்கள். வசந்தம் வந்ததும் மடம் அதைத் திருப்பித் தரும். அந்த உதவிக்கு ஊர் வெண்ணெயும் விறகும் கொடுக்கும்.

களஞ்சியத்துக்குக் காவல் ஒரு பியா. பூனையைவிடப் பெரிய, உருண்டையான பழுப்புப் பிராணி; வளை தோண்டி வாழ்வது. ஒரு மணியைக்கூடத் திருடாது. தன்னைப்போல் பக்திமான் யாருமில்லை என்று அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குளிர்காலத் திருவிழா நெருங்கியது. வறுத்த பார்லி மாவைப் பிசைந்து, வெண்ணெய் பூசி, புத்தர் முன் படையல் கோபுரம் வைப்பது வழக்கம்.

"என்ன காவல்காரரே, போன வருஷம் உங்கள் கோபுரம் என் கொம்பு உயரம்கூட இல்லையே! பகவானுக்கு அவ்வளவுதான் பசியா?" என்று சிரித்தது, விறகு சுமந்து வந்த யாக் எருது.

பியாவுக்குச் சுருக்கென்றது. பிக்குணிகள் மௌன விரதத்தில் அமர்ந்திருந்த நாட்களில் அது களஞ்சியத்தைத் திறந்தது. மூட்டை மூட்டையாக வறுத்தது, திரிகையில் அரைத்தது.

விழாவன்று புத்தர் சன்னிதியின் கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கோபுரம் கூரையைத் தொட்டது.

"அடேயப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ரிக்ஸின் என்ற உழவர்.

தலைமைப் பிக்குணி பால்மோ மட்டும் கும்பிடவில்லை. கிட்டே போய் மாவைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை மாவு ஏது, பியா?"

"களஞ்சியத்தில் இருந்ததுதான், அம்மா! ஒரு மணி மிச்சம் வைக்கவில்லை."

பால்மோவின் கையிலிருந்த விளக்கு விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"பியா... அது எங்கள் விதையப்பா" என்றார் ரிக்ஸின்.

"தெரியுமே! பகவானுக்குக் கொடுத்தால் இரட்டிப்பாக முளைக்காதா?"

"வறுத்த மாவு எங்கே முளைக்கும்?"

அப்போதுதான் பியாவுக்கு உறைத்தது. மலைக் கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிடி விதை வராது. வசந்தத்தில் ஏர் பூட்டி என்ன பயன்? பியா பின்னங்கால்களில் எழுந்து நின்றது. முன்கால்கள் தாமாக நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டன. பேச வாய் திறந்தது. சீழ்க்கை போல ஓர் அலறல்தான் கிளம்பியது.

யாரும் திட்டவில்லை. அதுதான் பியாவுக்குத் தாங்கவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, குழந்தையை இறுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பியா நான்கு காலில் இறங்கி, பால்மோவின் காலடிக்கு வந்தது. "எங்கள் மலை முழுக்கப் பியா வளைகள் இருக்கின்றன, அம்மா. அறுத்த வயலில் உதிர்ந்ததைப் பொறுக்கிக் குளிருக்கென்று சேர்த்த பார்லி எல்லா வளையிலும் உண்டு. வறுக்காதது. எடுத்துக்கொள்ளுங்கள்."

"நீங்கள் எதைத் தின்பீர்கள்?"

"விழித்திருந்தால்தானே பசிக்கும்? தூங்கிவிடுகிறோம்."

"உன் கோபுரத்துக்கு என் பிள்ளைகள் பட்டினியா?" என்று சீறியது அதன் மனைவி. சீறிக்கொண்டே தன் வளைக்குப் போய், முதல் மூட்டையை அதுவே இழுத்து வந்து போட்டது.

வசந்தத்தில் வயல் பச்சை கட்டிய பிறகு, எலும்பும் தோலுமாகப் பியாக்கள் வெளியே வந்தன. ரிக்ஸின் ஓடிவந்து நலம் விசாரித்தார். அவரைக் கண்டதும் அந்தப் பழைய அதிர்ச்சி பியாவை மறுபடி பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் முதல்தான் பியாக்கள் குளிர் வந்ததும் வளையை அடைத்துக்கொண்டு தூங்குகின்றன. கோடையில் மனிதரைக் கண்டால் எழுந்து நின்று, கைகளை நெஞ்சில் சேர்த்து அலறுகின்றன. நம்மைக் கும்பிடுகின்றன என்று நினைத்து, வழிப்போக்கர்களும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.