கயலி ஏற்றிய வேகம்

மூங்கிலாற்றங்கரையில் கயலி என்ற நீர்நாய் வசித்தாள். அவள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மலையில் மழை பெய்தால் எவ்வளவு பெய்தது என்று யானைகள் சொல்லி அனுப்பும். அதை வைத்து, ஆற்று வெள்ளம் எதுவரை ஏறும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும்.

கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் மெதுவாக வரும்! போன மழைக்காலத்தில் விடை வருவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. இன்னும் நீந்தப் பழகாத கயலியின் கடைக்குட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது.

இந்த வருடம் மேகம் திரளத் தொடங்கியதுமே கயலி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள்.

“என்ன செய்கிறாய்?” என்று உச்சிக்கிளையிலிருந்து கேட்டான் தோகையன் என்ற மயில்.

“ஓவர்கிளாக் செய்யப்போகிறேன், அண்ணே! கணக்குப் போடும் ப்ராசஸருக்குக் குறித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓட வைக்கப்போகிறேன்.”

“ஐயையோ! சூடேறிக் கருகிவிடும்! கேம் வேகமாக ஓட வேண்டும் என்று பக்கத்து மரத்துக் குரங்கும் இதைத்தான் செய்தான். இப்போது அவன் கம்ப்யூட்டரில் எறும்புதான் குடியிருக்கிறது!”

“அவன் விளையாடுவதற்காகச் செய்தான். நான் பிழைப்பதற்காகச் செய்கிறேன்!”

“கெட்டுப்போனால்?”

“போகட்டும்! வெள்ளம் வந்த பிறகு விடை சொல்லும் கம்ப்யூட்டர் நன்றாக இருந்துதான் என்ன பயன்?”

கயலி வேகத்தை ஒரேயடியாக ஏற்றினாள். திரை படக்கென்று அணைந்தது.

“படுத்துவிட்டது! படுத்துவிட்டது!” என்று தவளைகள் கத்திச் சிரித்தன.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி இயக்கி, பழைய வேகத்துக்கே திரும்பி, அங்கிருந்து கொஞ்சம் ஏற்றினாள். ஒரு பெரிய கணக்கைக் கொடுத்து ஓடவிட்டாள். விடை தப்பாமல் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். சூடு கூடியது. உள்ளே படிந்த தூசியைத் துடைத்து, பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினாள். சூடு தணிந்தது. தவளைகளின் சிரிப்பும் அடங்கியது.

ஒரு நாள் காலையில் மலை இருண்டது. “இப்படி ஒரு மழையை நாங்கள் பார்த்ததே இல்லை!” என்று யானைகள் பிளிறின.

கயலி மழையின் அளவைக் கொடுத்தாள். ஃபேன் இரைந்தது. கணக்கு பாதி ஓடும்போதே திரையில் எச்சரிக்கை வந்தது: ‘சூடு எல்லை மீறுகிறது. நிறுத்தவா?’

“நிறுத்து கயலி, நிறுத்து! கருகப்போகிறது!” என்று அலறினான் தோகையன்.

“மாட்டேன்! உங்களுக்கென்ன, உச்சிக்கிளையில் இருக்கிறீர்கள்! கரையில் இருப்பது நாங்கள்!”

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள் கயலி.

விடை வந்தது. மதியத்துக்குள் வெள்ளம் நாவல்மரத்தடிவரை ஏறும்! கரையிலிருந்த வளைகள் எல்லாமே அதற்குக் கீழேதான் இருந்தன.

“எல்லாரும் மேட்டுப் பாறைக்கு ஏறுங்கள்! குட்டிகளைத் தூக்குங்கள்!” என்று கத்திக்கொண்டே கயலி கரை நெடுக ஓடினாள். முயல்களும் கீரிகளும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏறின. சிரித்த தவளைகளும் பின்னாலேயே தாவின. கயலி ஒவ்வொரு வளையாக எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏறினாள். அவள் பாறையைத் தொட்டபோது ஆறு கரையை விழுங்கியிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் தோகையன் கயலியின் வீட்டுக்குப் போனான். சேற்றில் கிடந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். ப்ராசஸர் கரிக்கட்டையாகியிருந்தது.

“பார்த்தாயா? நான் சொன்னபடியே கருகிவிட்டது!”

கயலி தலை நிமிர்ந்து சொன்னாள்: “ஆமாம் அண்ணே, கருகிவிட்டது! பாறைமேல் போய்ப் பாருங்கள். குட்டிகளில் ஒன்றாவது குறைகிறதா?”

தோகையன் பாறையைப் பார்த்தான். ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

ஒரு பொருள் கெட்டுவிடுமே என்று பதறுவதற்கு முன், அது யாரைக் காக்க இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.