சான்றிதழ் பெற்ற ஐம்பது கோழிகள்

கோழி வளர்ப்போர் சங்கத்துக்கு நான் தலைவியாக இருந்த காலத்தில், ஊரில் என் அறிவுக்கு அடுத்தபடியாக நான் மதித்தவை என் ஐம்பது கோழிகளே. நாட்டுக்கோழி என்ற சான்றிதழோடு வாங்கியவை அவை.

வாரந்தோறும் நாட்டுக்கோழி தரக்கூடிய ஆளைத் தேடி உணவகக்காரர் சென்னியப்பன் வந்தார். பன்னிரண்டு கோழிகளை நம்பிப் பிழைத்த மாராத்தாளும் அவற்றைக் கூடைகளில் எடுத்துக்கொண்டு போட்டிக்கு வந்தாள்.

"உன் கோழிகளுக்குச் சான்றிதழ் எங்கே?" என்றேன்.

"கோழிகளையே கேட்டுருவோமுங்க. ரெண்டு கூட்டத்தையும் தொறந்துவிட்டு, பருந்து பறக்கறாப்புல உங்க கறுப்புக் குடையை ஆட்டுங்கம்மா."

பட்டம் பெற்றவளுக்குரிய கண்ணியத்தோடு குடையை விரித்து ஆட்டினேன். அவளுடைய பன்னிரண்டும் நொடியில் வேலிப் புதருக்குள் மறைந்தன. என் ஐம்பதும் தீனி வந்ததென்று ஓடிவந்து என்னைச் சூழ்ந்தன.

"பருந்துக்குப் பயந்தாத்தானுங்க நாட்டுக்கோழி காட்டுல மேஞ்சு பொழைக்கும்" என்றாள் மாராத்தாள்.

"தலைவியம்மா கோழிகளுக்குப் பாசம் அதிகமுங்க. எனக்கு ருசி போதும்" என்ற சென்னியப்பன், "வாரம் எத்தனை தருவே?" என்று அவள் பக்கம் திரும்பினார்.

வெயில் கடுமையாக இருந்தது. என் கோழிகள் குடை நிழலிலேயே படுத்துவிட்டன. அவை எழும்வரை, தலைவி என்ற முறையில், குடை பிடித்து நின்றேன்.