மேட்டில் இறங்கிய சீடன்

லாரிகளை நம்பி உலை கொதிக்கும் ஊர்கள் கொங்குச் சீமையில் பல உண்டு. அவற்றுள் ஒன்றில், கல்குவாரிக்குப் பிரியும் சாலையோரத்தில், கோகிலவாணி என்னும் அம்மையார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் சீடனாக வந்து சேர்ந்த அர்த்தநாரிக்கு வயது நாற்பத்தெட்டு.

லாரித் தொழிலில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் யாராயினும் அவரே குரு. ஆகவே முதல் நாளன்று அர்த்தநாரி வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் தட்டில் ஏந்திவந்து, குனிந்து அம்மையாரின் காலைத் தொடப் போனான்.

"ஐயோ, என்னங்கண்ணா இது! எங்க பெரியண்ணன் வயசு உங்களுக்கு" என்று அவர் பின்வாங்கினார்.

"வயசு கெடக்குதுங்க குருவே. எனக்கு ஸ்டியரிங்கு வேணுமுங்க."

இருபத்துநான்கு ஆண்டுகள் அவன் லாரிக் கிளீனராக உழைத்தவன். கிளீனரின் இடம் எப்போதும் இடப்பக்கம். கண்ணாடி துடைப்பது, தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, ஓட்டுநர் உண்டபின் உண்பது என்று அவனுடைய கடமைகள் பல. அவற்றுள் தலையாயது ஒன்று. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறிப் பின்னால் சரியத் தொடங்கினால், கிளீனர் கதவைத் திறந்து குதித்தோடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வண்டியும் மிஞ்சாது, வண்டிக்குள் இருப்பவரும் மிஞ்சமாட்டார். அர்த்தநாரியைப்போல் விரைந்து கட்டை கொடுப்பவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று பெயர் வாங்கியிருந்தான்.

தேர்வில் அவனைத் தோற்கடித்தது அந்தப் பெயர்தான்.

தேர்வுத் திடலில் அவன் வளைந்து ஓட்டினான், பின்னோக்கி ஓட்டினான், எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. கடைசியில் மேடு வந்தது. ஏற்றத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, பின்னால் சரியாமல் மறுபடியும் கிளப்ப வேண்டும். பின்னே வெள்ளைக் கோடு ஒன்று இழுத்திருந்தார்கள். சக்கரம் அதைத் தொட்டால் தோல்வி.

வண்டி நான்கு விரற்கடை சரிந்தது. மறுகணம் அர்த்தநாரி வண்டிக்குள் இல்லை. பெல்ட்டை எப்போது கழற்றினான், கதவை எப்போது திறந்தான் என்பது அவனுக்கே தெரியாது. பின்சக்கரத்தருகே குந்தியிருந்தான். சக்கரத்தின் அடியில் ஒரு கல் இருந்தது. வண்டியும் நின்றிருந்தது, வெள்ளைக் கோட்டுக்கு அப்பால்.

மோட்டார் வாகன ஆய்வாளரை அங்குள்ளோர் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைப்பர். அவர் மெல்ல நடந்துவந்து, ஓட்டுநர் இல்லாத இருக்கையை எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, இந்த வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?"

இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. கைக்கெட்டிய தூரத்தில் கல் இல்லாமையால், செருப்பைக் கழற்றி வைத்தான் என்பது ஒன்றே வேறுபாடு.

மூன்றாம் முறை அவன் எச்சரிக்கையாக வந்தான். பெல்ட்டின் மேல் துண்டைச் சுற்றி இறுக முடிச்சுப் போட்டுக்கொண்டு அமர்ந்தான். வண்டி சரிந்தது. கால் இரண்டும் வெளியே பாய்ந்தன. உடல் மட்டும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பாதி உள்ளும் பாதி வெளியுமாக அவன் தொங்கிய கோலத்தைக் கண்டு இன்ஸ்பெக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இருபது வருச சர்வீசுல ஆயிரம் பேர ஃபெயிலாக்கியிருக்கேன். வண்டியக் காப்பாத்தப் போயி ஃபெயிலானவன் நீ ஒருத்தன்தான்யா" என்றார்.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய பழகுநர் உரிமம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது. அதே வெள்ளிக்கிழமைதான் முட்டை மண்டி முதலாளி சென்னியப்பன் குறித்த கெடுவும். குட்டியானை என்று ஊரார் சொல்லும் சிறிய சரக்கு வண்டியொன்றை அவர் புதிதாக வாங்கி நிறுத்தியிருந்தார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் பாஸாயிட்டு வா, சாவிய வாங்கிக்க. இல்லீன்னா சனிக்கெழம வேற ஆளு. இது முட்ட வண்டியப்பா. மேட்டுல நீ எறங்கி ஓடுனீன்னா நான் ஆம்லெட்டுதான் விக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

இவ்வயதில் இன்னொருவர் தன்னை நம்பிச் சாவியை நீட்டப்போவதில்லை என்பது அர்த்தநாரிக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் குருவின் முன்னே வந்து நின்றான்.

"குருவே, உங்களோட போறப்ப மேட்டுல ஒரு நாளும் நான் எறங்குனதில்ல. அங்க போனா மட்டும் ஏன் எறங்கறேன்?"

குரு கையிலிருந்த கடலைக்காய்ப் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றார்.

கல்குவாரிக்குப் போகும் பாதையில் மண்மேடு ஒன்று உண்டு. குவாரி மூடிக் கிடந்தமையால் அவ்வழியே ஆள் நடமாட்டம் இல்லை. மேட்டின் அடியில் முழங்கால் ஆழத்துக்கு மணல் குவிந்திருந்தது. ஏற்றத்தின் பாதியில் குரு கையைக் காட்டினார். அர்த்தநாரி வண்டியை நிறுத்தினான்.

பயிற்சி வண்டிகளில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. குரு தம் செருப்புகளைக் கழற்றினார். கால்கள் இரண்டையும் மேலே தூக்கி, இருக்கையில் சம்மணமிட்டு அமர்ந்தார். பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டார்.

"கிளப்புங்க."

அர்த்தநாரி கிளப்பினான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் சரிந்தது.

அவன் குதித்துவிட்டான்.

குதித்தபின் திரும்பிப் பார்த்தான். வண்டி நிற்கவில்லை. கல்லைத் தேடினான், மணலும் சரளையுமே கிடந்தன. வண்டி அவனைக் கடந்து, தன் போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குரு சம்மணமிட்டபடி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவன் "அம்மா! அம்மா!" என்று அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வண்டி மணற்குவியலில் பின்சக்கரம் புதைய மோதி நின்றது.

அவன் கதவைப் பற்றிக்கொண்டு மூச்சிரைத்தான்.

"ஏனுங்க குருவே பிரேக்க மிதிக்கல?"

"வண்டிய ஓட்டுனது நானுங்களா?"

"இல்லீங்க, நான்தான்."

"ஓட்டுனவரு எங்க போனாரு?"

"கட்ட போடப் போனனுங்க."

"வண்டிக்குள்ள ஒரு ஆளு இருந்துச்சே, பாக்கலீங்களா?"

இத்தனை மாதமும் மேட்டில் வண்டி ஏன் சரியாமல் நின்றது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் பார்வை குருவின் காலடியிலிருந்த பிரேக்கின் மேல் நிலைத்தது.

"ஏறுங்க, மறுபடியும் போலாம்" என்றார் குரு.

"காலக் கீழ போட்டுக்கங்க குருவே."

"எனக்கு இப்படித்தான் சவுகரியமா இருக்குது."

இரண்டாம் முறை வண்டி சரிந்தபோது அவன் கை பெல்ட்டைக் கழற்றிவிட்டது, கதவும் திறந்துவிட்டது, ஒரு கால் மண்ணில் ஊன்றிவிட்டது. அப்போது இடப்பக்கத்தில் கடலைக்காய் உடையும் ஓசை கேட்டது. மண்ணில் ஊன்றிய கால் பதறித் திரும்பி வந்து பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது.

மூன்றாம் முறை கதவு திறக்கவில்லை. நான்காம் முறை மறுபடியும் திறந்துகொண்டது. குரு அடுத்த கடலைக்காயை உடைத்தார். பொட்டலம் தீர்ந்து வெயில் சாய்ந்தபோது பதினேழு முறை ஏறி இறங்கியிருந்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே. புதன்கிழமை மாலையில் வண்டி சரிந்தால் அவனுடைய தொடை மட்டும் ஒருமுறை துடித்து அடங்கியது.

"போதுமுங்கண்ணா. வெள்ளிக்கெழம திடலுக்கு வந்துருங்க."

அர்த்தநாரி நகராமல் நின்றான்.

"அங்க இன்ஸ்பெக்டரு வெளிய நின்னு பாப்பாரு. என்னத் தனியாத்தான் ஓட்டச் சொல்லுவாரு. வண்டிக்குள்ள நீங்க இருக்கமாட்டீங்களே குருவே?"

"நீங்க இருப்பீங்கல்ல?" என்றார் குரு.

வெள்ளிக்கிழமை திடலில் கூட்டம் வழக்கத்தைவிட மிகுதி. மூன்று முறை குதித்தவன் நான்காம் முறை என்ன செய்வான் என்று பார்க்க லாரிப் பட்டறையிலிருந்தே ஒரு பட்டாளம் வந்திருந்தது. அவர்களில் முன்னே நின்றவன் மாதேசன். அர்த்தநாரியைப்போலவே பழுத்த கிளீனர். ஒரே தட்டில் உண்ட நண்பன்.

"பங்காளி, கல்லு கொண்டாந்தியா, இல்ல நான் பொறுக்கித் தரட்டுமா?" என்று அவன் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உன் பல்லப் பொறுக்கற மாதிரி வெச்சுக்காத, போடா" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி வண்டியில் ஏறினான்.

வளைவுகள் முடிந்தன. பின்னோட்டம் முடிந்தது. மேட்டின் நடுவே வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார்.

அர்த்தநாரி கிளச்சை விட்டான். பதற்றத்தில் ஒரு மயிரிழை முந்திவிட்டான். வண்டி உதறியது, எஞ்சின் அணைந்தது, பின்சக்கரம் ஒரு சாண் சரிந்தது.

கூட்டத்தின் சிரிப்பு நின்றது.

அவன் கை பெல்ட்டுக்குப் போயிற்று. கண் தானாக இடப்பக்கம் திரும்பியது. அந்த இருக்கை காலியாக இருந்தது. வண்டிக்குள் இருந்த ஆள் அவன் ஒருவனே. கால் பிரேக்கில் விழுந்தது. சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு நான்கு விரற்கடை இருக்கையில் அசைவற்று நின்றது.

அந்நேரத்தில்தான் கண்ணாடியில் அவன் அதைக் கண்டான். மாதேசன் ஓடிவந்துகொண்டிருந்தான். வண்டி சரிவதைக் கண்டதும் அவன் கால்களும் அவனைக் கேட்கவில்லை. தலையளவு கல் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி, குனிந்து, பின்சக்கரத்தை நோக்கிப் பாய்ந்தான்.

"யோவ்! வெளியாளு கை வெச்சா அவன் ஃபெயிலு!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். மாதேசனின் காதில் அது விழவில்லை. எந்தக் கிளீனரின் காதிலும் அந்த நேரத்தில் அது விழாது. ஓட்டுநரின் குரல் ஒன்றுதான் விழும்.

அர்த்தநாரி தலையை வெளியே நீட்டினான்.

"மாதேசா! நில்றா அங்கயே! வண்டி எங்கிட்ட இருக்குது!"

இருபத்துநான்கு ஆண்டுகளில் எத்தனையோ குரல்களுக்கு அர்த்தநாரி பணிந்திருக்கிறான். அவன் குரலுக்கு ஒருவர் பணிந்தது அதுவே முதல் முறை. மாதேசன் நின்றான், குனிந்தவன் குனிந்தபடி, கல் கையில் இருந்தபடி, சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சிலையாய் நின்றான்.

அர்த்தநாரி கைப்பிரேக்கை இழுத்தான். சாவியைத் திருப்பினான். கிளச்சை நெல் முனையளவு, நெல் முனையளவாக விட்டான். வண்டியின் மூக்கு சற்றே நிமிர்ந்தது. கைப்பிரேக்கை இறக்கினான். வண்டி ஒரு மணல் பருக்கையளவும் பின்னால் போகாமல், கோயில் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதுபோல் மேலேறிற்று, உச்சியைத் தொட்டது, மறுபக்கம் இறங்கிற்று.

திடலே இரைந்தது. பட்டறை ஆட்கள் விசிலடித்தார்கள். மாதேசன் கையிலிருந்த கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க பங்காளிடா! எங்க பங்காளி!" என்று சுற்றிச் சுற்றி ஆடினான்.

இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்திட்டார்.

"பாஸ். மொதல்ல அந்தாளு கையில இருக்கற கல்ல யாராச்சும் வாங்கி வைங்கய்யா. எம்மேல போட்டுரப் போறான்."

அர்த்தநாரி தாளை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்த குருவிடம் வந்தான். முகம் முழுவதும் வேர்வையும் சிரிப்புமாக இருந்தது.

"பாஸாயிட்டனுங்க குருவே."

"பாத்தனுங்கண்ணா. மண்டியில சாவி காத்துக் கெடக்குது, கெளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"ஒரே ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"இருபத்துநாலு வருசம் எறங்கி ஓடுன காலுங்க இது. இன்னிக்கு எப்படியோ அடங்கிருச்சு. நாளைக்கு ரோட்டுல, எனக்கு முன்னால மேடேறுற லாரி எதாச்சும் சரிஞ்சுதுன்னா, உள்ள ஒக்காந்து வேடிக்க பாக்க இதால ஆகாதுங்க. அப்ப நான் என்ன பண்றது?"

குரு அந்தக் கால்களை நோக்கினார்.

"கைப்பிரேக்கப் போட்டுட்டு எறங்கி ஓடுங்கண்ணா" என்றார்.